ஒரு நிலைக்கு ஒரே தோட்டா: .22 ரைஃபிளில் போட்டிப் பயிற்சி

அமெரிக்காவில் 'பிரிசிஷன் ரைஃபிள்' என்ற பெயரில் நடக்கும் நெடுந்தொலைவுப் போட்டிகளுக்குள் நுழைபவர் முதல் சில மாதங்களிலேயே தோட்டாவின் விலையை உணர்ந்துவிடுகிறார். ஒகையோ மாநிலத்தில் குடியேறிய பிறகு இந்த விளையாட்டுக்கு வந்த நான் 6.5 கிரீட்மோர் என்ற தோட்டா வகையைச் சுடும் ரைஃபிளில் போட்டியிடுகிறேன். கடையில் வாங்கும் போட்டித் தரத் தோட்டா ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு டாலர் வரை ஆகிறது. வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்களுக்கும் ஏறத்தாழ ஒரு டாலர் ஆகிவிடுகிறது. இரண்டு நாள் போட்டி ஒன்றில் 200 தோட்டாக்கள் வரை செலவாகும். அதற்கு மேல் பேரலின் தேய்மானம் இருக்கிறது. 6.5 கிரீட்மோர் பேரல் 2,000 முதல் 3,000 தோட்டாக்களுக்குள் துல்லியத்தை இழக்கத் தொடங்கும் என்பது இத்துறையினர் அனைவரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. புதிய பேரல் வாங்கிப் பொருத்தி முடிப்பதற்குள் பல நூறு டாலர்கள் கரைந்துவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பயிற்சிக்குச் செல்பவரின் கை, விசையை இழுப்பதற்கு முன் பணப்பையை நினைக்கும், பயிற்சி சுருங்கிப்போகும்.

இதற்கு மாற்றாகப் பலரும் கையிலெடுப்பது .22 லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடும் ரிம்ஃபயர் ரைஃபிளைத்தான். 1887இல் அறிமுகமான இந்தச் சிறிய தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது; அடிக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கிறது. சாதாரணப் பயிற்சிக்கு ஏற்ற சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி சுமார் 10 சென்ட்டுக்கும், ஜெர்மனியில் தயாராகும் எஸ்.கே. ஸ்டாண்டர்ட் பிளஸ் அதைவிடச் சில சென்ட்டுகள் கூடுதலாகவும் கிடைக்கின்றன. விலை கடைக்குக் கடை மாறும் என்றாலும், பெரிய தோட்டா ஒன்றின் விலையில் .22 தோட்டாக்கள் பத்தைச் சுடலாம் என்ற விகிதம் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. பேரலோ பல்லாயிரம் தோட்டாக்களுக்குத் தாங்கும்.

ஆனால், மலிவாகக் கிடைக்கிறது என்பதாலேயே பயிற்சி பயனுள்ளதாகிவிடுவதில்லை. சுடுதளத்தில் நான் அதிகம் காண்பது, மேசையில் பைபாடை (ரைஃபிளின் முன்பகுதியைத் தாங்கும் இரு கால்களை) ஊன்றி அமர்ந்துகொண்டு ஐம்பது தோட்டாப் பெட்டியை இருபது நிமிடங்களில் தீர்த்துவிட்டு, காகிதத்தில் விழுந்த துளைக்கூட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு வீடு திரும்புபவர்களைத்தான். அது ரைஃபிளின் துல்லியத்தைச் சோதிக்கிறது, சுடுபவரை வளர்ப்பதில்லை. சேமித்த பணம் எதை வாங்கித் தர வேண்டும் என்ற கேள்விக்கு நான் வந்தடைந்த விடை தெளிவானது: அது கூடுதலான விசை இழுப்புகளை அல்ல, கூடுதலான நிலைகளை வாங்கித் தர வேண்டும்.

இதை விளக்க, போட்டியின் தன்மையைச் சற்றுச் சொல்ல வேண்டும். இந்தப் போட்டிகளில் படுத்தபடி நிதானமாகச் சுடும் வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றரை அல்லது இரண்டு நிமிட அவகாசம். அதற்குள் மரத்தடுப்பு, ஏணி, கூரைச் சரிவு, கான்கிரீட் குழாய், வண்டிச் சக்கரம் என்று எதையாவது தாங்கலாகக்கொண்டு, ஓரிரு தோட்டாக்களைச் சுட்டுவிட்டு எழுந்து, அடுத்த தாங்கலுக்கு நகர்ந்து, மீண்டும் நிலையமைத்துச் சுட வேண்டும். பத்துத் தோட்டாக்களுள்ள கட்டத்தில் நான்கைந்து முறை நிலையமைக்க நேரிடும். தவறவிடும் குண்டுகளில் பெரும்பாலானவை, நிலை சரியாக அமையாதபோது நேரம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில் சுட்டவையாகவே இருக்கும். ஆகவே பயிற்சி பெற வேண்டிய செயல், எழுந்து நகர்ந்து மீண்டும் நிலையமைப்பதுதான். விசை இழுப்பு அதன் கடைசி அரைநொடி மட்டுமே.

எனவே .22 பயிற்சியில் நான் கடைப்பிடிக்கும் விதி, ஒரு நிலைக்கு ஒரே தோட்டா என்பது. நடைமுறையில் அது இப்படி நடக்கிறது. ஐம்பது கஜத்தில் ஓர் அங்குல அகலமுள்ள எஃகுத் தகட்டைத் தொங்கவிடுகிறேன். சுடும் இடத்தில் மூன்று வெவ்வேறு உயரங்களில் படிகள் கொண்ட மரத்தடுப்பை நிறுத்துகிறேன். தடுப்பிலிருந்து இரண்டடி பின்னால், தோட்டா அறையை அடைக்கும் போல்ட் திறந்த நிலையில் ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். டைமர் ஒலித்ததும் தடுப்பை நோக்கி முன்னேறி, மணல்பையைப் படியின் மேல் வைத்து, ரைஃபிளின் எடைச்சமன் புள்ளி பையின் மேல் வரும்படி அமர்த்தி, கண்ணைக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்குக் கொண்டுவந்து, போல்ட்டை மூடி, ஒரு குண்டைச் சுடுகிறேன். தகடு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் போல்ட்டைத் திறந்து, பையோடு ரைஃபிளை எடுத்துக்கொண்டு பின்வாங்கி நின்று, அடுத்த படிக்குப் புதிதாகத் தொடங்குகிறேன். இரண்டாவது குண்டை அதே நிலையிலிருந்து சுடும் ஆசை எழும், அதற்கு இடங்கொடுப்பதில்லை. முதல் குண்டைத் தவறவிட்டால், இரண்டாவதில் திருத்திக்கொண்டாலும் தவறிய குண்டின் மதிப்பெண் போட்டியில் திரும்பக் கிடைக்காது.

இந்த ஒரே குண்டுக்குள் கவனிக்க வேண்டியவை ஏராளம். கண் ஸ்கோப்புக்கு வந்த அந்தக் கணத்தில் ரெட்டிகிளின், அதாவது ஸ்கோப்பினுள் தெரியும் குறிக்கோடுகளின், மையம் எங்கே நிற்கிறது என்பதே முதல் செய்தி. அது தகட்டுக்கு வலப்புறம் நின்று, நான் தோளால் தள்ளி இடப்பக்கம் கொண்டுவர வேண்டியிருந்தால், பாதங்கள் தவறான இடத்தில் இருக்கின்றன என்று பொருள். தசையால் இழுத்துப் பிடித்து வைத்த குறி, விசை விடுபடும் தருணத்தில் தசை தளர்ந்ததும் பழைய இடத்துக்கே ஓடும். ஆகவே ரைஃபிளை அசைக்காமல் பின்காலை ஒரு சாண் நகர்த்தி, ஒருமுறை மூச்சுவிட்டு, உடலைத் தளர்த்திய பிறகும் மையம் தகட்டிலேயே நிற்கிறதா என்று பார்க்கிறேன். அடுத்தது ஆட்டம். ரெட்டிகிள் மேலும் கீழும் ஆடினால், பை ரைஃபிளின் எடையை முழுமையாக ஏற்கவில்லை. பக்கவாட்டில் ஆடினால், பெரும்பாலும் பின்கை முழங்கைக்கு ஆதாரம் இல்லை. முழங்கால் உயரப் படியில் அந்த முழங்கையை வலக்கால் முட்டியின் மேல் ஊன்றும்போது பக்கவாட்டு ஆட்டம் கண்முன்னே பாதியாகக் குறைவதைக் காணலாம். இவற்றையெல்லாம் ஒரு டாலர் ஐம்பது சென்ட் மதிப்புள்ள தோட்டாவை வைத்துக்கொண்டு பலமுறை செய்து பார்க்க எனக்கு மனம் வந்ததில்லை. பத்து சென்ட் தோட்டாவில் ஒரு காலைப் பொழுது முழுவதும் செய்ய முடிகிறது.

விசையை இழுத்த பிறகான ஒழுங்கையும் .22 கண்டிப்புடன் கற்பிக்கிறது. போட்டித் தர .22 குண்டு நொடிக்கு சுமார் 1,070 அடி வேகத்தில்தான் வெளியேறுகிறது, 6.5 கிரீட்மோர் குண்டின் வேகமோ சுமார் 2,700 அடி. பேரலுக்குள்ளேயே .22 குண்டு கூடுதல் நேரம் தங்குகிறது. அந்த இடைவெளியில் விசைவிரல் துள்ளினாலும், பலனைப் பார்க்கும் ஆவலில் தலை உயர்ந்தாலும், குண்டு அதைத் தன்னோடு எடுத்துச் செல்லும். பெரிய ரைஃபிளில் பின்னுதைப்பின் அதிர்வில் மறைந்துபோகும் இந்தப் பிழைகள், ஏறக்குறைய உதைப்பே இல்லாத .22-இல் ஸ்கோப்பினூடாக வெளிப்படையாகத் தெரிகின்றன. விசை விடுபட்ட கணத்தில் ரெட்டிகிள் எங்கே இருந்தது என்பதைத் தகட்டின் ஒலி வருவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்படுத்திக்கொண்டேன். 'வலது விளிம்பு' என்று சொன்ன குண்டு வலது விளிம்பில் வண்ணத்தைப் பெயர்த்திருந்தால், அது மையத்தில் பட்ட அதிர்ஷ்டக் குண்டைவிட எனக்கு மதிப்புமிக்கது.

காற்றைப் படிக்கும் பயிற்சிதான் இந்த ரைஃபிள் தரும் மிகப் பெரிய கொடை என்று கருதுகிறேன். குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் வீசும் காற்று, 100 கஜத்தில் .22 குண்டை மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 0.9 மில் (தொலைவில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கோண அளவு) தள்ளுகிறது. அதே காற்றில் 6.5 கிரீட்மோர் குண்டு அதே கோண அளவு விலக வேண்டுமானால், அது 550 முதல் 600 கஜம் வரை பறந்திருக்க வேண்டும். 200 கஜத்தில் .22-இன் விலகல் ஓர் அடியை எட்டுகிறது; அது பெரிய ரைஃபிளின் ஏறக்குறைய 1,000 கஜ அனுபவத்துக்கு நிகர். மத்திய ஒகையோவில் 1,000 கஜ நீளமுள்ள சுடுதளத்துக்குப் பல மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். 200 கஜத் தளமோ பெரும்பாலான ஊர்ச் சங்கங்களில் உண்டு. மில் அளவிலேயே காற்றைச் சொல்லவும் திருத்தவும் பழகிக்கொண்டவருக்கு, .22-இல் கற்ற மொழி பெரிய ரைஃபிளில் அப்படியே செல்லுபடியாகும்.

இந்தப் பயிற்சியிலும் வரிசை முக்கியம். சுடுவதற்கு முன் காற்றின் மதிப்பை நோட்டில் எழுதிவிட வேண்டும். முதலில் கருவி எதையும் பார்க்காமல், தளத்தின் நடுவே உள்ள புல்லின் சாய்வையும், கன்னத்தில் படும் காற்றையும், மண்மேட்டின் மேலே உள்ள இலைகளின் அசைவையும் பார்த்து 'எட்டு மைல், வலமிருந்து, 0.7 மில்' என்று எழுதுகிறேன். பிறகே கெஸ்ட்ரல் காற்றளவியைப் பார்க்கிறேன். பிறகு ஒரு குண்டு. எழுதியது, கருவி காட்டியது, குண்டு சொன்னது ஆகிய மூன்றும் அருகருகே பதிவாகும்போது, நாம் எந்தக் காற்றை வழக்கமாகக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது சில வாரங்களில் புலப்பட்டுவிடும். என் பதிவுகளில், பின்னாலிருந்து சாய்வாக வரும் காற்றுக்குக் குறைவாகவே இடங்கொடுத்து வந்திருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்தது. இருபுறமும் மரங்கள் அடர்ந்த தளங்களில் சுடும் இடத்தின் காற்றும் இலக்கின் அருகிலுள்ள காற்றும் எதிரெதிர்த் திசைகளில் வீசுவதும் உண்டு. அவற்றில் குண்டின் பாதையில் முதல் பாதியில் வீசும் காற்றுக்கே செல்வாக்கு அதிகம். தொடக்கத்தில் திசை மாறிய குண்டுக்கு விலகிச் செல்ல மீதித் தூரம் முழுவதும் இருக்கிறது.

இங்கே ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். வேகம் கூடிய .22 தோட்டாவே காற்றில் குறைவாக விலகும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஒலியின் வேகத்தைக் கடந்து வெளியேறும் 1,235 அடி வேகத் தோட்டா, ஒலிவேக எல்லையை ஒட்டிய காற்றுத்தடையில் வேகத்தை விரைவாக இழக்கிறது. காற்றின் விலகலைத் தீர்மானிப்பது குண்டு இழக்கும் வேகமே ஆதலால், ஒலிவேகத்துக்குக் கீழே புறப்படும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாதான் நேராகச் செல்கிறது. போட்டித் தரத் தோட்டாக்கள் ஏறத்தாழ அனைத்தும் 1,100 அடிக்குக் கீழே அமைக்கப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலக்கின் அளவையும் கோணக் கணக்கிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். 50 கஜத்தில் ஓர் அங்குலத் தகடும், 1,000 கஜத்தில் 20 அங்குலத் தகடும் ஸ்கோப்பில் ஒரே அளவில் தெரியும். பெரிய தகட்டை அடித்து மகிழ்வதற்காக .22-ஐ எடுத்துச் செல்வதில் பயனில்லை. குண்டின் இறக்கமும் நல்ல ஆசிரியர்தான். 50 கஜத்தில் குறியமைத்த ரைஃபிளுக்கு 100 கஜத்தில் ஏறத்தாழ 1.9 மில்லும், 200 கஜத்தில் 7 மில்லுக்கு நெருக்கமாகவும் குறியை ஏற்ற வேண்டியிருப்பதால், ஸ்கோப்பின் திருகியைச் சுழற்றுவது, இலக்கு மாறும்போது அதை மறவாமல் மாற்றுவது, ரெட்டிகிளைக்கொண்டே மேல்தூக்கிக் குறிபார்ப்பது ஆகிய மூன்றும் சிறிய இடத்திலேயே பழக்கமாகின்றன. 70 கஜத்துக்கும் 80 கஜத்துக்கும் இடையே கூட வேறுபாடு உண்டு என்பதால் தொலைவை உத்தேசமாகக் கொள்ள முடியாது.

ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும்போது, தனித்துச் சிறந்தது எது என்று தேடுவதைவிட, நம் போட்டி ரைஃபிளுக்கு மிக நெருக்கமானது எது என்று தேடுவதே சரி. பயிற்சி ரைஃபிளின் விசை எடை, ஸ்டாக்கின் (தோளில் ஊன்றும் உடற்பகுதியின்) வடிவம், கன்னம் படும் உயரம், ஸ்கோப்பின் ரெட்டிகிள், மொத்த எடை ஆகியவை எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்குப் பயிற்சி கைமாறும். ஃபின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ், அதே நிறுவனத்தின் பெரிய ரைஃபிளான டி3எக்ஸின் ஸ்டாக்குகளில் பொருந்தும். பெர்காரா பி-14ஆர் ரெமிங்டன் 700 அமைப்பைப் பின்பற்றுவதால், அந்த வகைச் சேஸிஸ்களும் (உலோக ஸ்டாக்குகளும்) ட்ரிகர்களும் அதற்கு ஒத்துவரும். அதே அமைப்பில் வரும் வூடூ வி-22 மிகச் சிறந்தது. ஆனால் அதன் விலை, செலவைக் குறைக்கும் நோக்கத்தையே கேள்விக்குள்ளாக்கிவிடும். செக் நாட்டின் சி.இசட். 457 கொடுத்த விலைக்கு மேல் துல்லியம் தரும் ரைஃபிள் என்பது என் தனிப்பட்ட மதிப்பீடு. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன். என் பெரிய ரைஃபிளின் எடைக்கு அருகில் கொண்டுவர, ஸ்டாக்கின் முன்பகுதியில் எடைத்தகடுகளைச் சேர்த்திருக்கிறேன். இப்போதுதான் தொடங்குபவர் இவை எதையும் வாங்க வேண்டியதில்லை; சாவேஜ் மார்க் 2 போன்ற எளிய போல்ட் ரைஃபிளும் நல்ல மணல்பை ஒன்றும் முதல் ஆண்டுக்குப் போதும்.

ஸ்கோப்பில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாத ஓர் அம்சம் உண்டு. பெரிய ரைஃபிள்களுக்கென வடிவமைத்த பல ஸ்கோப்புகளில், இலக்கின் தொலைவுக்கேற்பச் சரிசெய்யும் பாரலாக்ஸ் திருத்தம் 50 கஜத்திலிருந்தே தொடங்குகிறது. 25 கஜ இலக்கு அதில் மங்கலாகத் தெரிவதோடு, கண் சிறிது நகர்ந்தாலும் குறி நகர்வதுபோல் தோன்றும். 25 கஜம் அல்லது அதற்கும் குறைவான தொலைவுக்குத் திருத்தக்கூடிய ஸ்கோப்பாக இருக்க வேண்டும். அதன் ரெட்டிகிள், போட்டி ஸ்கோப்பிலுள்ள அதே மில் அமைப்பாக இருப்பது கட்டாயம். ஒன்றில் மில்லும் மற்றதில் மினிட் என்ற வேறு கோண அளவும் வைத்துப் பயில்வது, நெருக்கடியில் மூளைக்கு இரட்டை வேலை தருவதாகும்.

தோட்டாவைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். .22 தோட்டாவை வீட்டில் நிரப்ப இயலாது. தொழிற்சாலையில் வந்ததே இறுதி. ஆகவே, பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் லாட் எண்ணே (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைக் குறிக்கும் எண்) நமக்கு இருக்கும் ஒரே பிடிமானம். ஒரே பெயர் கொண்ட தோட்டாக்களில் ஒரு லாட் ஒரு பேரலில் அருமையாகக் குவியும். இன்னொரு லாட் அதே பேரலில் சிதறும். சில லாட்டுகளில் சில பெட்டிகளை மட்டும் வாங்கிச் சோதித்து, ஒத்துவருவதை மொத்தமாக வாங்கிவைப்பதே வழி. ஒகையோவின் மரெங்கோவிலும் அரிசோனாவின் மேசாவிலும் லபுவா நிறுவனம் நடத்தும் சோதனை மையங்களுக்கு ரைஃபிளைக் கொண்டுசென்றால், பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து நம் பேரலுக்குப் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளலாம். உயர்நிலைப் போட்டியாளர்களுக்கு அது பயன்தரும். பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

குண்டின் வெளிப்புறத்தில் மெழுகு போன்ற மசகுப் பூச்சு உண்டு. தோட்டாவை விரல்களால் உருட்டினால் அது பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நிறுவனத்தின் பூச்சும் வேறு. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பேரலில் புதிய பூச்சு படிந்து நிலைபெறும் வரை முதல் சில குண்டுகள் இடம் தவறி விழும். அந்தக் குண்டுகளை வைத்துத் தோட்டாவின் தரத்தையோ நம் திறமையையோ எடைபோடக் கூடாது. இந்தப் பூச்சு கீழே விழுந்த தோட்டாவில் மண்ணையும் ஒட்டவைத்துக்கொள்ளும். அத்தகைய தோட்டாவைத் துடைத்துக்கூட நான் சுடுவதில்லை. ஒகையோவின் குளிர்காலத்தில் பூச்சு இறுகி, வேகம் குறைந்து, கோடையில் எழுதிவைத்த இறக்க அட்டவணை பொருந்தாமல் போகிறது. நொடிக்கு 30 அடி வேக வேறுபாடு 200 கஜத்தில் சுமார் மூன்று அங்குல உயர வேறுபாட்டைத் தரும். ஆகவே குளிர் மாதங்களுக்கென்று தனி அட்டவணை வைத்திருக்க வேண்டும். 100 கஜத்துக்கு அப்பால் மலிவுத் தோட்டாவைச் சுட்டால், மேலும் கீழும் தவறும் குண்டுகளில் எது என் பிழை, எது தோட்டாவின் பிழை என்று பிரித்தறிய முடியாது. எனவே 50 கஜ நிலைப்பயிற்சிக்கு மலிவுத் தோட்டாவையும், தொலைவான காற்றுப் பயிற்சிக்கு மட்டும் சென்டர்-எக்ஸ் போன்ற உயர்தரத் தோட்டாவையும் பயன்படுத்துகிறேன். 2020-21இல் கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் தவித்த காலத்துக்குப் பிறகு, ஓராண்டுக்குப் போதுமான இருப்பு வைத்துக்கொள்வதும் வழக்கமாகிவிட்டது.

தோட்டா இல்லாமல் வீட்டில் செய்யும் விசைப் பயிற்சிக்கும் இந்த ரைஃபிள் உதவும். ஆனால் ரிம்ஃபயர் ரைஃபிளில் வெறுமனே விசையை இழுத்தால், ஊசி பேரலில் தோட்டா அமரும் அறையின் விளிம்பில் மோதி அதைச் சிதைக்கக்கூடும். கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே செய்ய வேண்டும். இங்குள்ள சுடுநர்கள் பலர், சுவரில் திருகு பொருத்தப் பயன்படும் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் ஆங்கரைத் தோட்டாவுக்குப் பதிலாகப் பேரலின் அறைக்குள் வைத்துப் பயிற்சி செய்கிறார்கள். நானும் அதையே பயன்படுத்துகிறேன். சில முறை அடிபட்டதும் புதியதை மாற்ற வேண்டும். பயிற்சி செய்யும் அறைக்குள் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதில் விதிவிலக்கே கிடையாது.

சிறியது என்பதால் .22-ஐ விளையாட்டுப் பொருளாகக் கருதுவது ஆபத்தானது. குண்டு ஒன்றரை மைல் வரை செல்லக்கூடும் என்று தோட்டாப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். மெதுவாகச் செல்லும் ஈயக்குண்டு கல்லிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும் இயல்புடையது; எஃகுத் தகட்டைச் சற்று முன்னோக்கிச் சாய்த்துத் தொங்கவிட வேண்டும்; கண்ணாடி அணியாமல் தளத்தில் நிற்கவே கூடாது. விளிம்பில் பற்றவைக்கும் அமைப்பு காரணமாக, வெடிக்காத தோட்டா பெரிய வகைகளைவிட இதில் அடிக்கடி எதிர்ப்படும். அப்போது பேரலை இலக்கின் திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 நொடி காத்திருந்த பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். குண்டும் பற்றவைக்கும் கலவையும் ஈயம் கொண்டவை. பல நூறு தோட்டாக்களைக் கையால் எடுத்து மேகசினில் நிரப்பும் பயிற்சியில் அது விரல்களில் படிகிறது. கை கழுவாமல் தளத்தில் எதையும் உண்பதில்லை. பயிற்சி உடையோடு வீட்டுக் குழந்தைகளைத் தூக்குவதுமில்லை. பேரலின் அறைக்கு முன்னால் கரிவளையம் படிவதை மட்டும் அவ்வப்போது சுத்தம் செய்தால் போதும். முழுப் பேரலையும் அடிக்கடி தேய்ப்பது பயனைவிடக் கெடுதலே தரும்.

பயிற்சியைச் சோதித்துப் பார்க்க .22-க்கென்றே போட்டிகள் இருக்கின்றன. 2017இல் தொடங்கிய என்.ஆர்.எல்.22 (நேஷனல் ரைஃபிள் லீக்) அமைப்பின் போட்டிகளில், நாடு முழுவதும் உள்ள சங்கங்கள் ஒரே மாதத்தில் ஒரே கட்டங்களை 100 கஜத்துக்குள் நடத்துகின்றன. ரைஃபிள், ஸ்கோப் இரண்டின் விலைக்கும் சேர்த்து உச்சவரம்பு வைத்த தனிப் பிரிவும் உண்டு. புதியவர் கூச்சமின்றி நுழைய இதைவிடச் சிறந்த வாசலை நான் அறியேன். ஈரி ஏரிக் கரையிலுள்ள கேம்ப் பெர்ரியில், 1907 முதல் தேசியப் போட்டிகள் நடந்துவரும் அந்தப் பழைய தளத்தில், ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் என்ற போட்டியும் நடக்கிறது; சாதாரண இலகு ரைஃபிளோடு 25, 50 கஜத்தில் சுடும் அதற்குத் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வென்றதும் இதே .22 லாங் ரைஃபிள் தோட்டாவில்தான்.

இங்கு வாழும் தமிழ் நண்பர்கள், 'அண்ணா, நாங்களும் ஒன்று வாங்கலாமா?' என்று கேட்கும்போது, முதலில் அவர்களின் குடியேற்ற நிலையைத்தான் விசாரிக்கிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. பச்சை அட்டை பெற்றவர்கள் பின்னணிச் சரிபார்ப்புக்குப் பின் வாங்கலாம். ஐயம் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் கடைப்பக்கம் போகக் கூடாது. இதில் ஏற்படும் சிக்கல் ரைஃபிளோடு நிற்காமல் குடியேற்ற உரிமை வரை பாயும்.

இவ்வளவு சொன்ன பிறகும், .22-ஆல் கற்பிக்க முடியாத ஒன்று இருக்கிறது, அது பின்னுதைப்பு. 6.5 கிரீட்மோர் ரைஃபிள் உதைக்கும்போது உடல் நேர்க்கோட்டில் பின்னால் இல்லையென்றால், குறி இலக்கைவிட்டுத் துள்ளிப்போய், குண்டு விழுந்த இடத்தைச் சுடுபவரே காண முடியாமல் போகும். காணாதவரால் அடுத்த குண்டைத் திருத்த இயலாது. .22-இல் மட்டுமே நீண்ட காலம் பழகியவர்களிடம், தோளில் ரைஃபிளைத் தளர்வாக வைக்கும் பழக்கம் படிந்துவிடுகிறது; .22 அதைத் தண்டிப்பதில்லை. இதைத் தவிர்க்க, .22-இலும் பெரிய ரைஃபிளைப் பிடிக்கும் அதே அழுத்தத்தில் பிடிக்க வேண்டும், பேரலுக்கு நேர்பின்னால் உடலை நிறுத்த வேண்டும், ஒவ்வொரு பயிற்சி நாளின் இறுதியிலும் பெரிய ரைஃபிளில் ஒரு மேகசினாவது சுட வேண்டும். .22-இல் அன்று பழகிய அதே தடுப்பு, அதே படிகள், அதே ஒரு நிலைக்கு ஒரே தோட்டா. போட்டிக்கு முந்தைய வாரத்தில் .22-ஐப் பெட்டகத்தைவிட்டு வெளியே எடுப்பதே இல்லை. அந்த வாரம் முழுவதும் பெரிய ரைஃபிளோடுதான், உதைப்பின் ஊடே குண்டு விழும் இடத்தைக் கண்ணால் தொடர்வது ஒன்றையே இலக்காகக்கொண்டு, இருபது முப்பது தோட்டாக்களை மட்டும் நிதானமாகச் சுடுகிறேன்.